கடலை மண்டியில் ஓட்டப் பந்தயம்

“டீச்சர், காய் வாங்கவா, விக்கவா?” என்று கேட்டார் கடலை மண்டி முதலாளி ரங்கநாதன்.

“ரெண்டும் இல்லீங்க. ஓட்டப் பந்தயம் நடத்த!”

சிரிக்காதீர்கள். போன மாதத்து அடைமழையில் எனக்கு வேறு வழியில்லை. செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் எங்கள் பள்ளிப் பெண்கள் ஓடும் மைதானம் குளமாகிவிட்டது. கடலூரில் நடக்கும் ஜில்லா போட்டிக்கு ஒரே ஒருத்தியைத்தான் அனுப்பலாம். பெயரை மறுநாளே தர வேண்டும். டிரில் டீச்சர் நான் எங்கே போவேன்?

அப்போதுதான் நோட்டீஸ் போர்டில் என்றைக்கோ ஒட்டிய பேப்பர் படம் கண்ணில் பட்டது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரம். சர்வதேசப் போட்டி. வெளியே பனியாம்... அதனால் பெரிய கட்டிடத்துக்குள்ளேயே பெண்கள் பறக்கிறார்கள்! ஓடி முடித்த கையோடு எதிரே சுவர். மோதினால் அடிபடாமலிருக்க அதில் தடித்த மெத்தை. பனிக்கு அவர்கள் செய்ததை மழைக்கு நாம் செய்யக் கூடாதா?

ரங்கநாதன் கிடங்கைத் திறந்துவிட்டார். போட்டியில் மிஞ்சிய இருவரில் ஒருத்தி அவர் மகள் வசந்தா ஆயிற்றே! இன்னொருத்தி தொண்டூர் அஞ்சலை. அவள் அம்மா முனியம்மா அதே கிடங்கில் கூலிக்குக் கடலை உரிப்பவள்.

“நீங்க கேட்டீங்கன்னுதான் இந்த வருசம் பள்ளிக்கோடத்துக்கு வுட்டேன் டீச்சர்,” என்றாள் முனியம்மா. “கடலூருக்குப் போவலன்னா நாளையிலேர்ந்து என்கூட குந்திக் காய் உரிக்கட்டும். படிச்சி இன்னா ஆவப் போவுது?”

எனக்கு விசில் ஊதவே மனம் வரவில்லை.

மெத்தைக்கு எங்கே போவது? காலிச் சாக்குகளைச் சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கினோம். ஊதினேன். இருவரும் பாய்ந்து வந்தார்கள் — சுவர் நெருங்கியதும் சடன் பிரேக் போட்ட பஸ் மாதிரி நின்றுவிட்டார்கள்! மறுபடி ஊதினேன். மறுபடியும் அதே கதை.

முனியம்மா மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்தாள். நேரே போய்ச் சாக்குகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாத்துக்குடி பயப்புடுற? செவுத்தப் பாக்காத, என்னப் பாரு. நான் புடிச்சிக்கிறேன், வா!”

அஞ்சலை வந்த வேகத்தில் அம்மாவும் மகளும் சாக்குக்குள் உருண்டார்கள்.

“இது போங்கு டீச்சர்!” என்று கத்தினாள் வசந்தா. “அவளுக்கு அவங்கம்மா நின்னாங்க. எனக்கு யாரு நின்னா?”

நியாயமான கேள்விதானே? எல்லாக் கண்களும் முதலாளி பக்கம் திரும்பின.

“வா நைனா!” என்று அப்பாவைக் கூப்பிட்டாள் வசந்தா.

ரங்கநாதன் சலவை வேட்டியை மடித்துக் கட்டினார். முனியம்மாவுக்குப் பக்கத்தில் போய் அவரும் கையை விரித்து நின்றார்! கடலை உரித்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஒரே கூச்சல்.

விசில்...

இந்தத் தடவை யாரும் பிரேக் போடவில்லை. ஒரு கை முந்தி அஞ்சலை அம்மாவின் மேல் விழுந்தாள். அடுத்த கணம் வசந்தா மோதியதில் நைனா சாக்குக்குள் காணாமல் போனார். அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துத் தந்தவள் முனியம்மா.

“தோத்துட்டேன் நைனா...” என்று அழுதாள் வசந்தா.

“யாரு சொன்னது? என்னையே கீழ தள்ளிட்டியே!” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் அவர்.

நம் ஊரில் வேகமாக ஓடுகிற பெண்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. எதிரே கையை விரித்து நிற்கிற பெரியவர்களுக்குத்தான் பஞ்சம் என்று அன்றைக்குத் தோன்றியது.

கடலூரில் அஞ்சலை மூன்றாவதாக வந்தாள். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும், காத்திருந்த முனியம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவள் மகளின் பையை வாங்கிக்கொண்டாள்.

“மூணாவதா? அப்ப முன்னால ரெண்டே பேருதானா! வர்ற வருசம் அவளுங்களையும் பாத்துக்கலாம், வுடுங்க டீச்சர்.”