அக்காவுக்கு நான் வைத்த இங்கிலீஷ் பேர்

என் அக்காவுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அம்மனின் பெயர்களில் ஒன்று. ஆனால் மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் சந்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. எல்லாரும் கூப்பிட்டது நான் வைத்த பெயரைத்தான். எட்டு வயதில் புத்தகப் பையோடு சேர்த்து அதையும் கான்வென்ட் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் வகுப்புக்கு வந்த வெள்ளைக்கார சிஸ்டர், மை கொட்டினாலும் சரி, பாட்டு வரி மறந்தாலும் சரி, 'சில்லி கேர்ள்' என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். கன்னத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். அசடு என்று அர்த்தம் என்பதை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாம் நாள் அக்கா சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு என்னைக் கூட்டிப்போகப் பள்ளி வாசலுக்கு வந்து நின்றாள். என் தோழிகள் சிரித்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. 'சில்லி' என்றேன்.

"அப்படின்னா என்னா?" என்றாள்.

"இங்கிலீஷ் பேர்."

அக்காவுக்கு முகமெல்லாம் பல். வழி முழுக்க அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "என்னை இனிமே சில்லின்னு கூப்பிடு. தங்கச்சி வச்ச பேரு" என்றாள். அம்மாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. கூப்பிட வாய்க்கு லேசாக இருந்ததால் அதுவே நிலைத்துவிட்டது. ஒரு மாதத்தில் சந்துப் பிள்ளைகள், பால்காரர், பக்கத்து வீட்டு சிட்டி அம்மா எல்லாருக்கும் அவள் சில்லி.

சிட்டி என்றால் பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறி மலாய்க்கு மாறிவிட்ட தமிழ்க் குடும்பம். சிட்டி அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், கோயிலுக்குப் போவார், பொங்கல் வைப்பார். பேசுவது மட்டும் மலாய். தமிழில் அவருக்குச் சாமி பெயர்களும் சில சாப்பாட்டுப் பெயர்களும்தான் தெரியும். அக்காவுக்குத் தெரிந்த மலாயோ கொஞ்சம். இருந்தும் அவர்கள் இரண்டு பேரும் மணிக்கணக்கில் சமையல் கட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். அப்படி என்னதான் பேசினார்களோ, இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை.

அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை என்பதுதான் உண்மை. தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பிலேயே மூன்று வருஷம் உட்கார்ந்துவிட்டு நின்றுவிட்டாள். ஆனால் அவள் வைக்கும் மீன் குழம்புக்கு ஈடு கிடையாது. சந்தில் எந்தக் குழந்தை வீறிட்டு அழுதாலும் அவள் இடுப்பில் ஏறினால் அடங்கிவிடும். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை, கல்யாணம். அக்கம்பக்கத்தில் யார் கல்யாணம் என்றாலும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போய் நிற்பாள். தாலி கட்டும்போது அவள் கை தானாகத் தன் கழுத்துக்குப் போகும். இதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அவளுக்கு இருபது, எனக்குப் பதினான்கு. ஊரெல்லாம் மெர்டேக்கா என்ற பேச்சுதான். கடைக்குக் கடை கொடி தொங்கியது. வெள்ளைக்காரன் போகிறான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் என்னவோ அவன் மொழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். அப்பா நகராட்சியில் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்தார். என் ரிப்போர்ட் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் வேலை இடத்தில் எல்லாரிடமும் காட்டுவார். தலைகால் புரியாமல் ஆடுவதற்கு எனக்கு அது போதாதா?

அந்த வருஷக் கடைசியில்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். ரப்பர் தோட்டத்துப் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளை லாரிப் பட்டறையில் வேலை. தரகர் எதையும் மறைக்கவில்லை. பிள்ளைக்குப் படிப்பு வராது, வீட்டு வேலையில் கெட்டிக்காரி என்று முன்பே சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவும், "நானும் படிக்காதவதான், எனக்குக் குடும்பம் நடத்துற பிள்ளை போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். அம்மா அதைக் கேட்டு அழுதுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். அந்தத் தாய்மாமன் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுபவர். கிராணி என்றால் சும்மாவா? ஆபீசில் துரைக்குப் பக்கத்து நாற்காலி. அவர் சரி என்று சொல்லாமல் அந்தக் குடும்பத்தில் ஒன்றும் நடக்காது. சிட்டி அம்மா காலையிலேயே தட்டு நிறையப் பலகாரம் செய்து எடுத்து வந்திருந்தார். சரிகை போட்ட சாரோங் கட்டிக்கொண்டு, சொந்த மகளைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி, எங்கள் பக்கத்து ஆளாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா காப்பித் தட்டோடு வந்தாள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. மாப்பிள்ளை சட்டென்று எழுந்து தட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, தலையைக் குனிந்தபடி, "இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கே சந்தோஷமாக இருந்தது. அதை நான் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் கெட்டது எதுவும் நினைக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பெயர் கேட்டார். நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தபடி அக்கா அம்மன் பெயரைத் தப்பில்லாமல் சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. "ஆனா எல்லாரும் என்னை சில்லின்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள். உடனே சிட்டி அம்மாவும், அந்த ஒரு வார்த்தையாவது புரிந்துவிட்ட சந்தோஷத்தில், "சில்லி! சில்லி! ஆனாக் பாய்க்" என்று தலையாட்டினார். நல்ல பிள்ளை என்று அதற்கு அர்த்தம்.

கிராணி காப்பிக் கோப்பையை உதட்டிலிருந்து எடுத்தார். "யாரு வச்ச பேரு இது?"

"என் தங்கச்சி. இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்கிறா" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

கிராணி என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார். ஏன் அவளை அப்படிக் கூப்பிடுகிறாய் என்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய மனிதர் என்னிடம் இங்கிலீஷில் பேசியது அதுதான் முதல் தடவை. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். விளையாட்டுக்கு வைத்தது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் எழுந்து நின்று, வகுப்பில் பதில் சொல்வதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டு, என் அக்காவுக்கு எதைச் சொன்னாலும் புரியாது, குழந்தை மாதிரி அவளை எப்போதும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அதனால்தான் என்று மூன்று வாக்கியம் சொன்னேன். மூன்றிலும் ஒரு இலக்கணப் பிழை இல்லை. அது பொய் என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு வாக்கியத்தையும் தடுமாறாமல் சொல்லி முடிக்க வேண்டும் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

கிராணி, 'ஐ சீ' என்றார். கோப்பையைக் கீழே வைத்தார்.

பிறகு அவர்கள் அதிக நேரம் இருக்கவில்லை. கடுதாசி போடுகிறோம் என்றார்கள். வெற்றிலைத் தட்டை யாரும் தொடவில்லை. பத்து நாள் கழித்துத் தரகர் வந்து, ஜாதகம் ஒத்துவரவில்லை என்றார். அப்பா அதை நம்பினார். அன்று நான் பேசியது அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. "கிராணிக்கே சமமா நின்னு பதில் சொன்னா என் மக" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்காவும் சிட்டி அம்மாவிடம் அதையேதான் பெருமையாகச் சொன்னாள். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். நானும் வாயைத் திறக்கவில்லை, கோழை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வரன்களும் வாசலோடு போய்விட்டன. அப்பா இறந்தார். வரன் வருவதும் நின்றது.

பத்தொன்பது வயதில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். பகலில் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பேன், வார இறுதியில் நான் மாணவி. பயிற்சிக்கூட நூலகத்தில் வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று சொல்லும் தடித்த அகராதி ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை அதை எடுத்து, வேறு எதையும் பார்க்காமல், நேராக அந்த வார்த்தைக்குப் போனேன்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அதற்குப் பாக்கியம் பெற்றவர் என்று அர்த்தமாம். கடவுளின் அருள் உள்ளவர். ஜெர்மன்காரன் இன்றும் அதன் உறவு வார்த்தையைப் புண்ணியவான்களுக்குத்தான் சொல்கிறானாம். அருள் உள்ளவர் சூது தெரியாதவர் என்று ஆகி, பச்சைக் குழந்தையையும் ஆட்டுக்குட்டியையும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். சூது தெரியாதவர்மேல் ஊருக்கு இரக்கம் வந்திருக்கிறது, ஐயோ பாவம் என்று அர்த்தம் மாறியிருக்கிறது. இரக்கம் எத்தனை நாள் தாங்கும்? கடைசியில் அசடு. ஒரு வார்த்தையை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்க இத்தனை நூறு வருஷமும் இத்தனை ஆட்களும் தேவைப்பட்டிருக்கிறார்கள். நான் அதே காரியத்தை ஒரு காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.

அகராதியை மூடிவைத்து அழுதேன். பிறகு எனக்கு ஒரு குருட்டு நம்பிக்கை வந்தது. அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். மறுநாள் பகல் அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அந்தப் பேருக்கு அசடு என்று அர்த்தம் என்பதைச் சொன்னேன். கிராணியிடம் நான் பேசியதைத் தமிழில் சொன்னேன். அதைத் தமிழில் சொல்லும்போதுதான் எவ்வளவு அசிங்கமான பேச்சு என்று என் காதில் விழுந்தது. கடைசியாக, "ஆனா அதுக்கு மொதல்ல இருந்த அர்த்தம் வேற அக்கா. சாமி அருள் உள்ளவங்கன்னு அர்த்தம். புத்தகத்துல போட்டிருக்கு" என்றேன்.

அக்கா இன்னும் இரண்டு நெத்திலியை ஆய்ந்து போட்டாள். அழுவாள், அடிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"அது அவங்களுக்குத் தெரியாதுல்ல?" என்றாள்.

"எவங்களுக்கு?"

"அவங்க வீட்டுக்குத்தான். கிராணி தப்பா நெனச்சிட்டாரு, அதான் வரல. நீ போய் நல்ல அர்த்தத்த சொல்லிட்டு வா. அவரு ரெண்டாவது காப்பி கேட்டாருல்ல?"

அந்த மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருந்தன. தரகர் சொல்லி எனக்கு அது தெரியும். இருந்தும் "சரிக்கா" என்று தலையாட்டிவைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி முடிந்து சந்துக்குள் திரும்பியபோது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, பெண் பார்க்க வந்த அன்று கட்டிய சேலையைக் கட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"என்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.