அடுப்பங்கரைப் பள்ளம்

பெட்ரோலியப் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்று விதி இருக்கிறது. எந்த மாதிரிக் கலத்தில் வைக்கலாம், நெருப்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், யார் வந்து கேட்டால் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பொருள் யாரும் கொண்டுவராமல் தானே நடந்து வந்து சமையலறைத் தரைக்கு அடியில் குடியேறினால் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு வரி கூடக் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். விதிப் புத்தகங்களோடு ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன். தேடத் தெரியாமல் விட்டிருக்க வாய்ப்பில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. தண்டையார்பேட்டையில் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டு வீடு எங்களுடையது. அந்தத் தெருவில் வாசனை இல்லாத நாள் இல்லை. கிழக்கே இருந்து காற்று அடித்தால் கருவாடு, மேற்கே இருந்து அடித்தால் உர மூட்டை, காற்றே அடிக்காவிட்டால் சாக்கடை. ஆகவே எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு நாள் மண்ணெண்ணெய் வாசனை வந்தபோது யாரும் ஊர்மேல் சந்தேகப்படவில்லை. அம்மாவின் கைமேல் சந்தேகப்பட்டார்கள்.

குடிக்கிற தண்ணீர் தெருக்குழாயிலிருந்து வந்தது. அதில் வாசனை இல்லை. சோறும் குழம்பும் அம்மாவின் கையிலிருந்து வந்தன. அவற்றில் வாசனை இருந்தது. அப்பா துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் குமாஸ்தா. இவ்வளவு தெளிவான ஆதாரத்தை வைத்துக்கொண்டு வேறு முடிவுக்கு வர அவரால் முடியாது. சோற்றுக் கவளத்தை மூக்கருகே கொண்டுபோவார். தட்டை ஓர் அங்குலம் தள்ளி வைப்பார்.

“ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊத்தினா கையக் கழுவணும்னு எத்தனை வாட்டி சொல்றது?”

“கயுவிட்டுத்தாங்க வந்தேன்.”

“கழுவினா ஏன் வாசனை வருது?”

அம்மா எழுந்துபோய் மறுபடி கை கழுவினாள். சீயக்காய் போட்டுக் கழுவினாள். புளி போட்டுக் கழுவினாள். பிறகு சலவைச் சோடாவுக்கு வந்தாள். விரல் நுனிகள் வெடித்து, மிளகாய்த்தூள் டப்பாவைத் தொட்டாலே உதறுவாள். பரிமாறுவதற்கு முன் விரல்களைக் குவித்து ஒரு முறை மோந்து பார்க்கும் பழக்கம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. சாமி கும்பிடுகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, விஷயத்தை உறவுக்குள் ஒரு சுற்று விட்டாள். அவள் மகளின் சீமந்தத்துக்கு நாங்கள் போனபோது அம்மாவை வாசலிலேயே மறித்து, “நீ காய மட்டும் நறுக்கிக் குட்தா போதும்மே, அடுப்பாண்ட வராத. நாலு பேர் சாப்புடற எடம்” என்றாள். ஒரு கல்யாணத்துக்கே தனியாகச் சமைக்கக்கூடிய அம்மா, அன்று முழுக்கக் கத்தரிக்காயோடு திண்டாடிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

இந்தப் பிரச்சினையை நிரந்தரமாகத் தீர்ப்பதற்காகத்தான் அப்பா சமையலறையை இடித்துக் கட்ட முடிவு செய்தார். காகிதத்தில் ஸ்கேல் வைத்து வரைந்தார். குந்தி உட்கார்ந்து சமைக்கிற வழக்கம் ஒழிந்து, நின்று சமைக்கக் கடப்பாக்கல் மேடை வரும். மேடையின் இடது ஓரத்தில் ஸ்டவ். வலது ஓரத்தில் சாப்பாடு. நடுவில் கை கழுவத் தொட்டி. எண்ணெய்க்கும் சோற்றுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு. வரைபடத்தை அம்மாவும் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு மேடை வேண்டும் என்கிற ஆசை நெடுநாளாக உண்டு. இந்தக் காரணத்துக்காக வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

“ஒரே வாரம் சார், முட்ச்சிக் குட்த்துடுவேன்” என்றார் கொத்தனார். உலகத்தில் எல்லாக் கொத்தனாரும் சொல்வதைத்தான் சொன்னார், குற்றம் இல்லை.

சமையல் முன்னறைக்கு வந்தது. பீரோவுக்குப் பின்னால் ஸ்டவ், கட்டிலுக்குக் கீழே பாத்திரங்கள், என் புத்தகப் பைக்குப் பக்கத்தில் வெங்காயம். சுண்ணாம்புத் தூசி தோசையில் விழுந்தது. நான் கணக்குப் போட உட்கார்ந்தால் முதுகில் குக்கர் இல்லாத காலத்துச் சோற்றுப்பானையின் ஆவி அடிக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, நிலைமையைச் சமாளிக்க எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினார். அவருக்கு ஒரு லாரி ஆபீசில் வேலை. ஆனால் பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் இருப்பார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேற வழி வைப்பதற்காகத் தரையைத் தோண்டினார்கள். எங்கள் பகுதியில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் கசியும். கசிந்தது. அதன்மேல் மயில் கழுத்து நிறத்தில் ஏதோ மினுமினுத்தது. கொத்தனார் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே வாயில் இருந்த பீடியை எடுத்து ஓரமாகப் போட்டார்.

பள்ளம் பற்றிக்கொண்டது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. துணியை உதறினாற்போல ஓர் ஒலி. பள்ளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நீலமாக ஒரு தீ ஓடியது. சுவரை முட்டிவிட்டுத் திரும்பி ஓடி வந்தது. தண்ணீர் எரிவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“ஐயோ சார்! உன் வூட்டுப் பூமியே பத்திகினு எரியுது சார்!” என்று கொத்தனார் சுவர்மேல் ஏறிவிட்டார்.

“யாரு இங்க பீடி குடிக்கச் சொன்னது?” என்று அப்பா கேட்டார். அதிர்ச்சியிலும் நடைமுறையை விடாதவர்.

மாமாதான் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார். அணைத்த கையோடு பள்ளத்தில் விரலை விட்டு எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“யக்கா! கிருஷ்ணாயிலு! ஊத்திகினு கீது யக்கா! இனிமே ரேசன் கடையில நீ க்யூ நிக்க வேணாம்!”

எல்லோரும் பள்ளத்தைச் சுற்றி நின்று பேசினோம். கொத்தனார் இறங்கி வந்தார். அருகில் எங்கோ எண்ணெய்க் குழாய் ஒழுகுகிறது என்றார் ஒருவர். கிடங்கு டேங்க் ஓட்டை என்றார் இன்னொருவர். அப்பா தரையில் விழுந்த பீடித்துண்டைச் சாட்சியமாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்தார். அந்தக் கூச்சலில் அம்மா அங்கே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அவள் கொல்லையில் இருந்தாள். பள்ளத்திலிருந்து சுவர் ஒன்று தாண்டினால் அடிபம்பு. சமையலுக்கும் பாத்திரத்துக்கும் அந்தத் தண்ணீர்தான். ஒரு சொம்பு அடித்து எடுத்து வந்து, முன்னறை ஸ்டவ்வில் சுட வைத்தாள். ஆவி வந்ததும் சொம்பைத் துணியால் பிடித்துக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்தாள்.

“மோந்து பாருங்க.”

அப்பா மோந்து பார்த்தார்.

சோற்று வாசனை. எங்கள் வீட்டுச் சோற்று வாசனை. அரிசி போடாமலே வந்தது. எனக்கே அந்த இடத்தில் நின்றபடி மூக்கில் ஏறியது.

அம்மா சொம்பைப் பிடித்தபடி நின்றாள். சூடு துணியைத் தாண்டியிருக்கும், கீழே வைக்கவில்லை. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இதுக்கு ஒரு மனு எழுதணும்” என்றார்.

அம்மா செங்கல் குவியல்மேல் உட்கார்ந்தாள். சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. இலவசமாக எண்ணெய் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாமா அன்று மாலையே தொழிலைத் தொடங்கிவிட்டார். பழைய வேட்டியைப் பள்ளத்தில் விரித்து, ஊற வைத்து, தகர டின்னில் பிழிந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் பாட்டிலோடு கொல்லைக் கதவருகே நின்றார்கள். “தள்ளிக்கோ, தள்ளிக்கோ, எல்லாருக்கும் கீது” என்று வள்ளல் மாதிரி ஊற்றினார். மறுநாள் காலை அந்த எண்ணெயை ஊற்றி ஸ்டவ்வை அவரே பற்ற வைத்தார். ஜுவாலை கூரையைத் தொட்டுவிட்டுத்தான் கீழே இறங்கியது. இறங்கும்போது மாமாவின் இரண்டு புருவங்களையும் பாதி மீசையையும் கூட்டிக்கொண்டு போனது.

“மச்சான், இது சுத்த கிருஷ்ணாயிலு இல்ல மச்சான். வேற இன்னாமோ கல்ந்துகீது” என்றார் ஈரத் துண்டுக்குள்ளிருந்து.

“அதைத்தான் மனுவில் கேட்டிருக்கேன்” என்றார் அப்பா.

மனு உரிய அலுவலகத்துக்குப் போனது. நகல்கள் அந்த எண்ணெய்க்கு உரிமை இருக்கக்கூடிய எல்லோருக்கும் போயின. எண்ணெய்க் குழாய்க்காரர்கள் அது கிடங்கு டேங்கிலிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். டேங்க்காரர்கள் குழாயிலிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். அலுவலகத்திலிருந்து வந்த இடைக்கால உத்தரவு ஒன்றுதான் தெளிவாக இருந்தது: விசாரணை முடியும்வரை பள்ளத்தை மூடக் கூடாது.

உத்தரவை மதிப்பவர் அப்பா. கொத்தனார் கூலியை வாங்கிக்கொண்டு, பள்ளத்தின்மேல் இரண்டு பலகையைப் போட்டுவிட்டுப் போனார். கடப்பாக்கல் கொல்லையில் சாய்த்து வைத்தபடி கிடந்தது. அதன்மேல் காக்கை உட்கார்ந்தது. மழைக்காலம் வந்து பள்ளம் நிரம்பியது. அந்த அறைக்குள் விளக்கு கொண்டுபோகக் கூடாது என்று தடை. நாங்கள் ஐப்பசியையும் பொங்கலையும் அடுத்த ஆடியையும் முன்னறையிலேயே சமைத்துச் சாப்பிட்டோம். பீரோவின் பின்பக்கம் கரிபிடித்துப் போனது.

அம்மா சமையலுக்கும் தெருக்குழாய்த் தண்ணீரையே சுமந்து வந்தாள். சோற்றில் வாசனை அடியோடு நின்றது. அப்பா தட்டைத் தள்ளுவதும் நின்றது. அவ்வளவுதான். இத்தனை நாள் உன்னைச் சொன்னது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அத்தை ஒரு முறை வந்தாள்; சாப்பிடச் சொன்னதற்கு, வரும்போதே நாஸ்தா ஆகிவிட்டது என்றாள். அம்மாவோ சலவைச் சோடாவை விட்ட பிறகும், பரிமாறுவதற்கு முன் விரல்களை மோந்து பார்ப்பதை விடவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார், மற்றவர் எழுதினார். அப்பா பலகையைத் தூக்கிக் காட்டப் போனார்.

“அதெல்லாம் வேணாம் சார். தரையைத் திறந்து பார்க்க எங்களுக்கு உத்தரவு இல்ல. வாசனை பத்தித்தான் ரிப்போர்ட்” என்றார் எழுதுகிறவர்.

“ஒரே ஒரு குச்சி கியிச்சிப் போட்டுக் காட்டவா சார்?” என்று மாமா ஆர்வத்தோடு கேட்டார். அதற்குள் அவருக்குப் புருவம் முளைத்துவிட்டிருந்தது.

கைக்குட்டைக்காரர் வாசலுக்குப் போய்விட்டார். மற்றவர் முன்னறையில் இருந்த ஸ்டவ்வைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இதுக்கு எண்ணெய் ஊத்துறது யாரும்மா?”

“நான்தாங்க.”

“கைய எதுல கழுவுவீங்க?”

அம்மா கேள்வியை நல்லெண்ணத்தோடு எடுத்துக்கொண்டாள். சீயக்காய், புளி, சோடா என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். அப்பாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். பள்ளத்தைப் பார்க்காமல் போகிறார்களே என்கிற கோபம் என்று எண்ணினேன்.

பிறகு பல மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் தபால்காரர் பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அலுவலகக் கடிதம் வந்தால் அதை உரக்கப் படிப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆங்கிலக் கடிதம் என்றால் அப்பா ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்வார். ஒரு சொல் கூடவோ குறையவோ விடமாட்டார். என் பள்ளி விடுமுறைக் கடிதத்தையே ஒரு காற்புள்ளிக்காகத் திருப்பி எழுத வைத்தவர். அம்மா கரண்டியோடு நின்றாள். மாமா எழுந்து நின்றார். நான் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி கூடவே படித்தேன்.

உங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது என்றார். எங்கள் அலுவலர்கள் நேரில் வந்து பார்வையிட்டனர் என்றார். இரண்டும் கடிதத்தில் இருந்தன. மூன்றாவது வாக்கியத்துக்கு வந்ததும் நின்றார்.

“இன்னாங்க போட்டுகீறாங்கோ?” என்று அம்மா கேட்டாள்.

எனக்கு அந்த வாக்கியம் முழுக்கப் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ‘கேர்லெஸ்’ என்ற சொல்லை நன்றாகத் தெரியும். என் கணக்கு நோட்டில் வாத்தியார் வாரம் தவறாமல் சிவப்பு மையில் எழுதுவார். ‘ஸ்டவ்’ தெரியும். ‘ஹவுஸ்வைஃப்’ தெரியும். மூன்றும் ஒரே வரியில் இருந்தன.

அப்பா கடிதத்தைக் கண்ணுக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.

“எண்ணெய் பூமிக்குள்ளேர்ந்துதான் வந்திருக்கு. வீட்டு அம்மா கையில ஒரு தப்பும் இல்ல. அப்படின்னு போட்டிருக்கான்.”

“கவுருமெண்டே சொல்லிட்ச்சா!” என்றார் மாமா.

“முத்திரை போட்டு” என்றார் அப்பா. கடிதத்தை நான்காக மடித்தார். கோப்பில் வைக்கவில்லை, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “பள்ளத்த மூடிக்கலாமாம். கொத்தனார வரச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார்.

அம்மா சோற்றுப் பானையைத் திறந்து, விரல்களை மூக்கருகே கொண்டுபோகாமல், நேராகப் பரிமாறினாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அரசாங்கக் கடிதத்தை அப்பா தப்பாகப் படித்ததை என் கண்ணால் பார்த்துவிட்டேன். காற்புள்ளியைக்கூடத் தவறவிடாத மனிதர் ஒரு முழு வரியையே தவறவிட்டிருந்தார். அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்றும், இனி எங்கள் கதி என்ன என்றும் நடுங்கிப் போய், மறுநாளே அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று மாமாவிடம் ரகசியமாகச் சொன்னேன்.