வினார்சி சொன்ன சலாம்

வினார்சி ஷூ தொழிற்சாலையில் எங்கள் தையல் வரிசைக்கு வந்த முதல் வாரம், அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இருபது வயசு. சீருடைக்குள்ளே பாட்டுக்காரி ஏலோக் பிரமிதாவின் முகம் போட்ட மஞ்சள் பனியன். போன் உறையில் ஏலோக். சோற்று டப்பா மூடியில் ஏலோக். ஷூவின் மேல்தோலை மெஷினில் ஓட்டும்போது வாய்க்குள் முணுமுணுப்பதும் ஏலோக் பாட்டு. எங்கள் ஊர் மொஜோகெர்த்தோவில் கல்யாணமோ சுன்னத்தோ, மேடை போட்டு டாங்டுட் என்கிற ஆட்டப்பாட்டு பாடாமல் முடியாது. எனக்கும் டாங்டுட் பிடிக்கும், மத்தளத்தில் அடி விழுந்தால் என் இடுப்பும் சும்மா இருக்காது. அதற்காகப் பாடுகிறவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டுமா?

"ஏண்டி, அந்த ஏலோக் உனக்குச் சோறா போடுறா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சோத்த நானே சம்பாதிச்சுக்குறேன் சுமி அக்கா. அவங்ககிட்ட இருந்து நான் வேற ஒண்ணு எடுத்துக்கிட்டேன்."

"என்ன, உதட்டுச் சாயமா?"

அவள் கோபப்படவில்லை. வேர்க்கடலைச் சாறு ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். மூன்று வருஷம் முன்னால் பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் ஏலோக் பாடினாளாம். மணல் லாரி வைத்திருக்கிற பெரிய மனுஷன் ஒருவன் காசு கொடுக்கிற சாக்கில் மேடை ஏறி, அவள் இடுப்பில் கை போட்டானாம். மற்ற பாட்டுக்காரிகள் சிரித்துக்கொண்டே நெளிந்து விலகுவார்கள். ஏலோக் கையைத் தூக்கி மத்தளக்காரரை நிறுத்தினாளாம்.

"மைக்குலயே சொன்னாங்க அக்கா. 'அண்ணே, உங்க கை எங்க இருக்குன்னு உங்க அம்மாவும் பாத்துட்டு இருக்காங்க. நீங்க எறங்குங்க, நான் பாடுறேன்'னு. அவன் சிரிச்சான். இவங்க பாடல. வாத்தியமும் இல்ல. பதினோரு நிமிஷம். நான் அங்கதான் இருந்தேன், போன்ல மணி பாத்தேன், பதினோரு நிமிஷம் சும்மா நின்னாங்க. கடைசியில அவன்தான் எறங்குனான்."

"அதுக்கப்புறம் அந்த ஊருல அவளக் கூப்பிட்டிருக்க மாட்டாங்களே."

"கூப்பிடலதான். அதனால என்ன?"

அந்த 'அதனால என்ன'வைக் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான் இந்தத் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம். அப்படி ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சொல்ல வேண்டிய இடம் இல்லாமலில்லை. மாதவிலக்கின் முதல் இரண்டு நாள் வலி இருந்தால் லீவு என்று எங்கள் நாட்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் தொழிற்சாலையும் கொடுக்கும். ஆனால் மருந்தறைக்குப் போய், பச்சைத் திரைக்குப் பின்னால் உடையை இறக்கி, நர்ஸ் இபு தத்திக்கிடம் காட்டிவிட்டு வர வேண்டும். பெண்கள் பொய் சொல்கிறார்களாம். இபு தத்திக் பாவம், பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கையெழுத்துப் போடுவாள். ஒருமுறை போனவள் மறுமுறை போக மாட்டாள். மாத்திரையை விழுங்கிவிட்டு மெஷினில் குனிந்து கிடப்போம். நானும் அப்படித்தான் கிடந்தேன்.

வினார்சி வந்த நாலாம் மாசம் வலி தாங்காமல் மருந்தறைக்குப் போனாள். திரும்பி வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். லீவுச் சீட்டு கையிலிருந்தும் வீட்டுக்குப் போகவில்லை.

"போய்ப் படுடி. அதான் குடுத்துட்டாங்கல்ல?"

"அக்கா, இத எத்தன வருஷமா பண்றாங்க?"

"நான் வந்ததுலேர்ந்து."

"நீங்க எல்லாம் ஒண்ணுமே சொல்லலயா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. "ஒரு வருஷ ஒப்பந்தத்துல இருக்குற பொண்ணு நீ, வாய மூடிட்டுத் தை," என்று அதட்டினேன்.

அந்த வருஷம் தொழிற்சாலையின் இருபதாம் ஆண்டு விழா. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் மைதானத்தில் பந்தல், எல்லோருக்கும் சோற்றுப் பொட்டலம், பிறகு பாட்டுக் கச்சேரி. பாடப்போவது ஏலோக் என்று தெரிந்ததும் வினார்சி கத்திய கத்தலில் வரிசை மேற்பார்வையாளர் ஓடி வந்துவிட்டார், ஊசி விரலில் ஏறிவிட்டதோ என்று.

எங்கள் ஊர்ப்பக்க மேடைகளில் சலாம் இல்லாமல் கச்சேரி கிடையாது. யாருக்குச் சலாம், யாரிடமிருந்து, என்ன சேதி என்று சீட்டில் எழுதிக் கொடுப்போம். பாட்டுக்கு நடுவில் பாட்டுக்காரி படிப்பாள். பெயர் வந்தவர் கையைத் தூக்க வேண்டும். "சலாம் கிடைச்சுதா?" என்று கூட்டம் கத்தும். "கிடைச்சது!" என்று அவர் சொல்லும்வரை விடாது. சலாமை வாங்காதவனை ஊரே ஒரு மாசத்துக்கு ஓட்டித் தள்ளிவிடும்.

சனிக்கிழமை வினார்சி ஒரு மஞ்சள் சீட்டை என்னிடம் நீட்டினாள். படித்ததும் அதை உள்ளங்கைக்குள் மடித்து மறைத்தேன்.

"மேலாளருக்கா? அவரு முன்வரிசையில பொண்டாட்டியோட உக்காந்திருப்பாரு. உன் ஒப்பந்தம் முடிய ரெண்டே மாசம். தெரியுமில்ல?"

"அதான் மரியாதையா எழுதியிருக்கேன்."

"ஏலோக் இதப் படிப்பாளா?"

"அவங்க படிக்காம வேற யாரு அக்கா படிப்பாங்க?"

மறுநாள் மைதானத்தில் இரண்டாயிரம் பெண்கள். ஏலோக் பச்சைச் சட்டையில் வந்தாள், நன்றாகவே பாடினாள், அதைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது பாட்டு முடிந்ததும் சலாம் பெட்டி வந்தது. கிடங்கு ஆட்களுக்கு ஒன்று, சமையல்காரருக்கு ஒன்று, யாரோ ஒரு காவலாளிக்கு எட்டு. சிரிப்பும் கத்தலுமாகப் போனது. பிறகு மஞ்சள் சீட்டு ஒன்றைப் பிரித்தாள். வினார்சி என் முழங்கையைப் பிடித்தாள்.

ஏலோக் படித்தாள், மனசுக்குள். இன்னொரு தரம் படித்தாள். முன்வரிசையைப் பார்த்தாள். சீட்டை மடித்து மற்ற சீட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டு, "அடுத்த பாட்டுக்குப் போலாமா?" என்றாள்.

வினார்சியின் முகத்தை நான் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் அந்தப் பாட்டுக்காரியின் கூந்தலைப் பிடித்து இழுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை.

இரண்டு பாட்டுக்குப் பிறகு, வழக்கம்போல, கூடப் பாட ஒரு ரசிகையை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மஞ்சள் பனியன் போட்டிருந்தவள் கூட்டத்தில் ஒருத்திதான். பெண்கள் தள்ளித் தள்ளியே அவளை மேடையேற்றிவிட்டார்கள். ஏலோக் அவள் தோளில் கை போட்டு, மைக்கை நீட்டி, "என்ன பாட்டு பாடலாம் தங்கச்சி?" என்று கேட்டாள்.

"பாட்டு வேணாம் அக்கா. ஒரே ஒரு சலாம் இருக்கு, அத நான் சொல்லிடுறேன்."

ஏலோக்குக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளிறிப் போனது. நிகழ்ச்சி அறிவிப்பாளர் பக்கவாட்டிலிருந்து மைக்கை வாங்கச் சொல்லிச் சைகை காட்டினார். ஏலோக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதவவும் இல்லை, மைக்கைப் பிடுங்கவும் இல்லை. அந்த அளவுக்கு அவள் நல்லவள்.

"மேலாளர் பாக் ஹெர்மவானுக்கும், இன்னைக்கு நம்ம கூட வந்திருக்குற அவர் வீட்டம்மாவுக்கும், தையல் பிரிவு ஏழாம் வரிசையிலேர்ந்து சலாம்!"

பாக் ஹெர்மவான் சிரித்த முகத்தோடு கையை உயரத் தூக்கினார். அவர் மனைவியும் தூக்கினார். கூட்டம் கைதட்டியது.

"சேதி இதுதான். ஐயா, எங்களுக்கு விலக்கு நாள்ல லீவு குடுக்குறீங்க, அதுக்கு நன்றி. ஆனா அந்த லீவுக்காக மருந்தறைத் திரைக்குப் பின்னாடி துணிய எறக்கிக் காட்ட வேண்டியிருக்கு. எங்களுக்கு வெக்கமா இருக்கு. பாக்குற இபு தத்திக்குக்கும் வெக்கமா இருக்கு. நாளைலேர்ந்து எங்க வாய் வார்த்தைய நம்புங்க. அவ்வளவுதான்."

கைதட்டல் அப்படியே நின்றது. பாக் ஹெர்மவானின் கை இன்னும் மேலேதான் இருந்தது. இறக்கலாமா கூடாதா என்று அதற்கே தெரியவில்லை. அவர் மனைவி மெல்லத் தன் கையை இறக்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நெசமாவா? துணிய எறக்கியா பாக்குறீங்க?" என்று அவர் கேட்டது எங்கள் வரிசை வரை காதில் விழுந்தது.

பாக் ஹெர்மவான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வினார்சி மேடையில் மைக்கோடு தனியாக நிற்கிறாள். எனக்குள் என்ன புகுந்ததோ, எழுந்து நின்று கத்தினேன்: "சலாம் கிடைச்சுதா?"

பதினான்கு வருஷத்தில் அந்த மைதானத்தில் நான் போட்ட முதல் சத்தம். பக்கத்தில் இருந்தவள் கத்தினாள். பிறகு வரிசை. பிறகு ஒட்டுப் பிரிவு, வெட்டுப் பிரிவு, கிடங்கு. இரண்டாயிரம் பெண்கள். "சலாம் கிடைச்சுதா?" வழக்கம்தானே, யாரைக் குறை சொல்ல முடியும்? மூன்றாம் தரம் கத்தியபோது அவர் மனைவி முழங்கையால் அவரை இடித்தார்.

"கிடைச்சது," என்றார் பாக் ஹெர்மவான்.

திங்கட்கிழமை காலை இபு தத்திக் தன் கையாலேயே திரையைக் கழற்றி, மடித்து, அலமாரியில் வைத்தாள். மேலிடத்து உத்தரவு செவ்வாய்க்கிழமைதான் வந்தது. அவள் ஒருநாள் முந்திக்கொண்டாள்.

அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், வினார்சி அதே மஞ்சள் பனியன் போட்டிருக்கிறாள்.

"உனக்கு ரோசமே கெடையாதாடி? அவ உன் சீட்ட ஒளிச்சு வச்சா. இன்னும் அவ மூஞ்சிய நெஞ்சுல சுமக்குற."

"கோவம் இருக்கு அக்கா. அன்னைக்கு வீட்டுக்குப் போயி அழுதேன். அப்புறம் யோசிச்சேன். அவங்களுக்கும் புள்ள இருக்கு, மேடை வேணும், பயந்துட்டாங்க. ஆனா அந்தப் பதினோரு நிமிஷம் பொய் இல்லயே? அத நான் கண்ணால பாத்தேனே. அவங்க மறந்தாலும் எனக்கு ஞாபகம் இருந்துச்சுல்ல, அது போதும்."

"அப்ப இனிமே உனக்கு அவ தலைவியா, இல்லயா?"

"பாட்டுக்கு அவங்கதான். மத்ததுக்கு நானே பாத்துக்குறேன்." பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "இல்லாட்டி உங்க மூஞ்சி போட்ட பனியன் ஒண்ணு அடிச்சுடட்டுமா?"

"போடி கழுத," என்றேன். அன்று முழுக்க என் தையல் கோணல் கோணலாகப் போனது.

இரண்டு மாசம் கழித்துத் தொழிற்சாலை அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆர்டர் குறைவாம். ஆர்டர் குறைந்தது எங்கள் வரிசையில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான். அவள் கிரியான் ஊரில் பை தைக்கிற ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டாள். அங்கேயும் ஏதாவது கேட்டுக்கொண்டுதான் இருப்பாள், எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வாரம் புதுப்பெண் ஒருத்தி மருந்தறை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிராமத்திலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, பெயர் இஸ்தி.

"அக்கா, உள்ள போயி என்ன பண்ணணும்?"

"பேரு சொல்லு, வரிசை நம்பர் சொல்லு, வீட்டுக்குப் போயிப் படு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்," என்றேன்.

உள்ளே போனாள். ஒரு நிமிஷத்தில் சீட்டோடு வெளியே வந்தாள். அது ஏதோ பெரிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடி அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வினார்சின்னு ஒருத்தி," என்று ஆரம்பித்தேன். "எனக்குப் பக்கத்து மெஷின்."