ஏழாம் நம்பர் லேபிள்

எங்க வீட்டு ஹால்ல நானூத்திப் பதினோரு மிருகம் இருக்கு. அப்பாவையும் சேர்த்தா நானூத்திப் பன்னெண்டுன்னு என் மக சொல்லுவா. எல்லாம் உள்ளங்கைக்குள்ள அடங்குற சைஸ், கெட்டி ரப்பர். நகம், பல்லு, தோல் சுருக்கம் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். ஆனா பொம்மைன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க. எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தா அன்னிக்கு உங்க பொழுது போச்சு. "பொம்மை இல்லைங்க, மாதிரி உருவம்"னு ஆரம்பிச்சாருன்னா, நீங்க வந்த வேலையும் நடக்காது, கையில வாங்கின டீயும் ஆறிடும்.

அவருக்கு மருந்து கம்பெனியில வேலை. மருந்து கலக்குற இடத்துல இல்லை, கடைசி மேஜையில. பாட்டில்ல ஒட்டின லேபிள் சரியா இருக்கான்னு பாத்து முத்திரை குத்தணும். முப்பது வருஷமா அதே மேஜை, அதே நாற்காலி, அதே முறைப்பு. ஒரு தடவை ஒரு புள்ளி இடம் மாறிப் போச்சுன்னு ஒரு லாரி சரக்கையே திருப்பி அனுப்பிட்டாரு. "ஒரு புள்ளிதானேய்யா"ன்னு மேனேஜர் தலையில அடிச்சுக்கிட்டாராம். "அந்தப் புள்ளியால அரை மில்லி அஞ்சு மில்லி ஆகும் சார். குடிக்கப் போறது குழந்தை"ன்னு இவர் சொல்லியிருக்காரு. அன்னியிலேர்ந்து ஆபீஸ்ல இவருக்குப் பேரு 'திருத்தம்'. சரி, அங்க திருத்தினா ஒரு உசிரு பிழைக்கும். வீட்டுல எதுக்குங்க?

எங்க கல்யாணப் பத்திரிகையையே மூணு தடவை அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பின ஆளு. அப்பவே நான் உஷாராகியிருக்கணும். புத்தி வரலை.

மிருகம் வந்த கதையைக் கேளுங்க. மகளுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது கடையிலேர்ந்து ஒரு ஓநாய் வாங்கிட்டு வந்தாரு. வயித்துல 'ஓநாய்'னே அச்சடிச்சிருந்துச்சு. குழந்தை கையை நீட்டிட்டு நிக்குது. குடுக்கறதுக்கு முன்னாடி, பழக்க தோஷம், அதைத் திருப்பிப் பாத்தாரு. முகம் மாறிடுச்சு. முன்னங்கால் நீளமா இருக்கு, பின்னங்கால் குட்டையா இருக்கு, முதுகு சரிவா இருக்கு. அப்படியே நூலகத்துக்குக் கிளம்பிப் போனவரு, சாயங்காலம் வந்து, "இது ஓநாய் இல்லை, கழுதைப்புலி. லேபிள் தப்பு"ன்னாரு. குழந்தை அதுக்குள்ள அழுது அழுது தூங்கியே போச்சு. விட்டாரா? கம்பெனிக்கு நாலு பக்கம் கடுதாசி. அவங்க பயந்தாங்களோ இல்லை தொல்லை விட்டா போதும்னு நினைச்சாங்களோ, சரியான ஓநாய் ஒண்ணை அனுப்பி வச்சாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு வாரம் பாத்துட்டே இருந்தாரு. மனுஷன் விழுந்துட்டாரு. குழந்தைக்கு ரெண்டுமே கிடைக்கலை.

அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு, ரெண்டுன்னு வந்து குவிஞ்சுது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு புத்தகம், ஒரு நோட்டு, அடியில ஒரு லேபிள். யானைக்குத் தும்பிக்கை நுனியில ஒரு விரலா ரெண்டு விரலான்னு பாக்காம உள்ள விட மாட்டாரு. ஒட்டகம் ஒரே பக்கத்துக் கால் ரெண்டையும் சேர்த்துத்தான் எடுத்து வைக்குமாம். அப்படி நடக்காத ஒட்டகம் எங்க வீட்டு வாசப்படியைத் தாண்டினதே இல்லை. எனக்கு நிம்மதியா ஒரு கோபம் கூடப் பட முடியாது. "கரடியா கத்துறேனே, காதுல விழுதா?"ன்னு கேட்டா, "எந்தக் கரடி?"ம்பாரு. முதலைக் கண்ணீர் வடிக்காதடின்னு மகளைத் திட்டினா, முதலைக்கு நிஜமாவே கண்ணுல தண்ணி வரும், ஆனா அதுக்குக் காரணம் வேறன்னு அரை மணி நேரம் பாடம். அழுதுட்டிருந்தவ சிரிச்சுடுவா, எனக்கு அழுகை வந்துரும்.

நான் பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கற வேலை பாக்கறேன். நாள் முழுக்க வீங்கின கன்னத்தைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்தா, இங்க நானூத்திச் சொச்சம் வாய் திறந்தபடி நிக்கும். தூசி தட்டறது யாரு? நான்தான். இருபத்திரெண்டு வருஷம் தட்டித் தட்டி, எது சிறுத்தை, எது சிவிங்கிப்புலி, எது தவளை, எது தேரைன்னு கண்ணை மூடிட்டுத் தடவியே சொல்லுவேன். சில நேரம் அவருக்கே சந்தேகம் வந்து, "ஏம்மா, இதுக்குப் பின்னங்கால்ல எத்தனை விரல்?"னு சமையல்கட்டுக்கு வந்து கேப்பாரு. நான் அடுப்பைப் பாத்துட்டே சொல்லுவேன்.

அலமாரியில நடுத்தட்டுல ஒரு சாண் அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் காலி. அதுக்கு அடியிலயும் லேபிள் இருக்கு: 'கோப்பை. முதல் பரிசு.' பொருள் வரலை, லேபிள் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. அந்தக் காலி இடத்தையும் நான்தான் துடைக்கணும். ஒண்ணுமே இல்லாத இடத்தை வாரா வாரம் துடைச்சுப் பாருங்க, வயிறு எரியும். அவருக்கு அந்தக் கோப்பை வேணும். எனக்கு அவரை விட அதிகமா வேணும்.

கோப்பை குடுக்கறது இந்த மாதிரி பைத்தியங்க பத்தொன்பது பேர் சேர்ந்து நடத்துற சங்கம். வருஷத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, நூலக மாடியில கண்காட்சி. உருவத்துக்கு நாப்பது மார்க், வண்ணத்துக்கு முப்பது, லேபிளுக்கு முப்பது. தலைவர் ஒரு கண் டாக்டர். எங்க வீட்டுக்காரரை விட எப்பவும் அரை மார்க் கூட வாங்கி, ஒன்பது வருஷமா கோப்பையைத் தூக்கிட்டுப் போறவரு. அந்தச் சங்கத்துல ஒரு விதி, உயிரே போனாலும் மீறக் கூடாது: மேஜையில வச்ச உருவத்தை யாரும் தொடக் கூடாது. முன்னொரு காலத்துல கண் டாக்டர் தும்மி, பக்கத்துல நின்னவர் அவரைப் பிடிக்கப் போயி, ஒரு மானுக்குக் கொம்பு போச்சாம். அதுலேர்ந்து நடுவரானாலும் சரி, வச்சவரே ஆனாலும் சரி, முகத்துல துணி கட்டிட்டு, கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிட்டு, லென்ஸால மட்டும்தான் பாக்கணும்.

இந்த வருஷம் 'அசல் அளவு' பிரிவு. இவர் தவளையும் தேரையுமா பன்னெண்டு எடுத்து வச்சாரு. கீழே விரிக்க நிஜப் பாசி வேணும்னாரு. எங்க பாத்ரூம் பின்னாடி தண்ணி ஓடுற இடத்துல பாசி மெத்தை மாதிரி கிடக்கும். நான் பழைய கரண்டியால அப்படியே பெயர்த்துத் தட்டுல வச்சு மூடிக் குடுத்தேன்.

நாங்க மூணு பேரும் வண்டியில போற வழியில ஒரு குலுக்கல். பன்னெண்டுல ஏழாவது, மலைத்தேரை, அதோட கால் ஒடிஞ்சு போச்சு. இவர் முகத்தைப் பாக்க முடியலை. ஆனாலும் ஏமாத்துவாரா? மத்த பதினொண்ணையும் பாசி மேல வச்சு, ஏழாம் இடத்தைக் காலியா விட்டுட்டு, 'பழுது'ன்னு எழுதிக் குடுக்கப் படிவம் வாங்கப் போனாரு. ஆமா, அதுக்கும் ஒரு படிவம். செயலாளர் அதை வாங்கி பேப்பர் வெயிட்டுக்கு அடியில சொருகினாரு. அதோட ஆயுசு அங்கேயே முடிஞ்சுது. மணி அடிச்சாங்க, போட்டியாளர் எல்லாரும் வெளிய. தண்ணி தெளிக்க நான் மட்டும் சுவரோரமா நிக்கலாம். தலைவருங்கற முறையில கண் டாக்டரும் உள்ளேயே நிக்கலாம், அவரும் போட்டியாளர்தான்னாலும். யாரு கேக்கறது?

பாசிக்குத் தண்ணி தெளிக்கக் குனிஞ்சேன். ஏழாம் லேபிளுக்கு நேர ஒரு தேரை உக்காந்திருக்கு. எங்க பாத்ரூம் தேரை. தினமும் துணி துவைக்கும்போது என்னைப் பாத்துட்டே இருக்குமே, அதே மூஞ்சி. பாசியோட பாசியா வந்திருக்கு.

தூக்கி ஜன்னல் வழியா விட்டிருக்கலாம். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் ஒண்ணும் செய்யலை. அது அசையாம இருக்கட்டும்னு அந்த இடத்துல இன்னும் கொஞ்சம் தண்ணி தெளிச்சுட்டு, சுவரோரமா போய் நின்னுட்டேன். ஆமாங்க, திருட்டுத்தனம்தான். ஒன்பது வருஷம் காலி இடத்தைத் துடைச்சவ நான்.

நடுவர் விலங்கியல் பேராசிரியர், ஓய்வு பெற்றவரு. கையில லென்ஸ் நடுங்குது. அதுனால எல்லா உருவமுமே அவருக்கு அசையத்தான் செய்யும், தேரையோட தொண்டை துடிச்சதை அவர் எங்க கண்டாரு! ஏழாம் நம்பர் முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னாரு. "ஆகா! ஈரம் கூடத் தத்ரூபம்!"னாரு. கண் டாக்டரும் குனிஞ்சு பாத்துட்டு, மூஞ்சி சுருங்கி, "எந்தக் கம்பெனி?"ன்னு என்னைக் கேட்டாரு. "எனக்கென்னங்க தெரியும்"னேன்.

எல்லாரையும் உள்ள கூப்பிட்டு முடிவைச் சொன்னாங்க. தொண்ணூத்தொன்பதரை மார்க், முதல் பரிசு, குறிப்பா ஏழாம் நம்பருக்காக. என் மக கையைத் தட்டிக் குதிக்கறா. எங்க வீட்டுக்காரர் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்துச்சு பாருங்க, கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படி மலரலை. அடுத்த நிமிஷம் நெத்தி சுருங்கிச்சு. ஏழா? நேரா மேஜைக்குப் போயி குனிஞ்சாரு. நான் ஓடிப் போயி சட்டையைப் பிடிச்சேன். "என்னங்க, உங்க கால்ல வேணா விழறேன். இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயை மூடிட்டு இருங்க."

என்னைப் பாத்தாரு. பாசியைப் பாத்தாரு. அப்புறம் மைக்கைப் பிடிச்சு, "மன்னிக்கணும். ஏழாம் நம்பர் லேபிள் தப்பு"ன்னாரு.

பேராசிரியருக்கு ரோஷம் வந்துடுச்சு. "நாப்பது வருஷம் பாடம் எடுத்தவன் நான். அது மலைத்தேரைதான்."

"இல்லைங்க ஐயா. கண்ணுக்கு மேல கருப்பா ஒரு வரம்பு இருக்கு பாருங்க. இது வீட்டுத் தேரை."

"அது பெயிண்ட் கொஞ்சம் தூக்கல். அதுக்குத்தான் அரை மார்க் குறைச்சேன்."

"பெயிண்ட் இல்லைங்க ஐயா. இது எங்க பாத்ரூம் பின்னாடி கிடக்கறது."

"இவ்வளவு நல்ல பீஸையா அங்க போட்டு வச்சிருக்கீங்க?"ன்னு கண் டாக்டர் நெஞ்சுல கை வச்சாரு.

இனி பேசிப் பிரயோஜனம் இல்லைன்னு இவர் கையை நீட்டி அதைத் தூக்கினாரு. "தொடாதீங்க!"ன்னு கூடம் மொத்தமும் ஒரே குரல்ல அலறுச்சு. தேரை நாலு காலையும் உதறி, இவர் உள்ளங்கையில ஒண்ணுக்குப் போச்சு. "பயந்தா இப்படித்தான் செய்யும், இந்த இனத்தோட சுபாவம்"னு இவர் மைக்குல விளக்கம் வேற.

செயற்குழு கூடிச்சு. உயிருள்ளது வைக்கக் கூடாதுன்னு விதிப் புத்தகத்துல எங்கேயும் இல்லை. அது ஒரு விதியா வேணும்னு யாருக்கும் தோணியிருக்காது. ஆனா தொட்டது தொட்டதுதான். அதுனால, உருவத்தைத் தொட்ட குற்றத்துக்காக எங்க வீட்டுக்காரர் போட்டியிலேர்ந்து நீக்கம். கோப்பை வழக்கம்போல கண் டாக்டருக்கு.

அதோட விட்டாங்களா? பேராசிரியர் என்னைக் காட்டி இவரைக் கேட்டாரு. "அம்மா இங்கேயேதானே நின்னாங்க? தண்ணி தெளிச்சதும் அவங்கதானே? பாத்துட்டுச் சொல்லாம இருந்திருந்தா அது மோசடி. சங்கத்தை விட்டே உங்களை நீக்கணும்." பத்தொன்பது ஜோடிக் கண்ணும் என் மேல.

எங்க வீட்டுக்காரர் கையைத் துடைச்சுட்டே நிதானமா சொன்னாரு: "அவங்களுக்குத் தவளைக்கும் தேரைக்குமே வித்தியாசம் தெரியாதுங்க. எது நிஜம், எது உருவம்னு எங்க கண்டுபிடிக்கப் போறாங்க? இத்தனை வருஷமாச்சு, ஒண்ணும் மண்டையில ஏறலை."

எல்லாரும் சிரிச்சாங்க. பேராசிரியரே சிரிச்சுட்டாரு. எனக்கு உச்சந்தலையில சுர்ருனு ஏறிச்சு. யாருக்குத் தெரியாது? எனக்கா?

வண்டியில ஏறினதும் ஆரம்பிச்சேன். "கோப்பைதான் போச்சு, என் மானத்தையுமா வாங்கணும்? பத்தொன்பது பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டீங்களே!" மக வேற எடுத்துக் குடுத்தா: "ஆமாப்பா, அம்மாவுக்கா தெரியாது? எனக்கு அதெல்லாம் சொல்லிக் குடுத்ததே அம்மாதானே. நீங்களே வந்து கேப்பீங்களே."

அவர் தேரை இருந்த தட்டை மடியில வச்சுட்டு வெளிய பாத்துட்டு வந்தாரு. என்னைப் பாக்காமலேயே, "தெரியும்னு சொல்லியிருக்கணுமா?"ன்னு கேட்டாரு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. ஏழாம் இடத்துல மட்டும் பாசி சொட்டச் சொட்ட நனைஞ்சு கிடந்ததை, குனிஞ்சப்பவே அந்த மனுஷன் பாத்திருக்காரு. முப்பது வருஷத்துல ஒரு புள்ளியை விட்டுக் குடுக்காதவரு, தெரிஞ்சே ஒரு தப்பான லேபிளை எடுத்து, அத்தனை பேர் பாக்க என் மேல ஒட்டியிருக்காரு. சனியன், கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு.

வீடு வந்ததும் தட்டை என்கிட்ட நீட்டினாரு. நான் வாங்கிட்டுப் போயி, பாத்ரூம் பின்னாடி பாசியை இருந்த இடத்துலயே வச்சுத் தேரையை விட்டேன்.