பிரதர் விழுந்துட்டாரு

மகளை விடுதியிலிருந்து வீட்டுக்கே அழைத்து வந்துவிடுவது என்று நான் முடிவு செய்திருந்த வாரம் அது. கடலுக்கு அந்தப் பக்கம், தீவிலுள்ள ஜார்ஜ்டவுனில் அவள் படிக்கும் கத்தோலிக்கக் கல்லூரியில் குறை ஒன்றும் இல்லை. அவள் தனியாக இருப்பதுதான் எனக்குப் பயம். எங்கள் வீடு இருக்கும் தாசேக் கெலுகோரிலிருந்து தினமும் போய்வரச் சொன்னால், "பாலத்துல ஜாம் ஆனா பாதி கிளாஸ் போயிடும்மா" என்பாள்.

ஒரு மத்தியானம் அவளிடமிருந்து செய்தி வந்தது. "பிரதர் விழுந்துட்டாரு. பெரியாஸ்பத்திரில இருக்கேன். அப்புறம் பேசுறேன்."

என் மகன் பிறை என்ற ஊரில் உள்ள தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவன். அழைத்தேன்; எடுக்கவில்லை. மகளும் எடுக்கவில்லை. காடியை ஓட்டிக்கொண்டு பாலத்தை எப்படிக் கடந்தேன் என்று இன்றும் எனக்கு நினைவில்லை.

அவசரப் பிரிவில் மகள் நின்றிருந்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில், மணிக்கட்டில் கட்டுடன், தலை நரைத்த ஒரு சீனப் பெரியவர்.

"அண்ணன் எங்கடி?"

"வேலைலதான் இருப்பான். ஏம்மா?"

"பிரதர் விழுந்துட்டாருன்னு நீதானே..."

"ஐயோ அம்மா! இவருதான் பிரதர். அண்ணனுக்கு நான் என்னைக்கு மரியாதை குடுத்துப் பேசியிருக்கேன்?"

கோயிலுக்குப் போகிற எங்கள் குடும்பத்தில் பிரதர் என்றால் கூடப் பிறந்தவன்தான். அந்தக் கல்லூரியைத் தொடங்கியவர்களோ துறவற சபைச் சகோதரர்கள். ஒரு காலத்தில் ஒரு மாடி நிறையத் தங்கியிருந்து, பாடமும் அவர்களே நடத்தினார்களாம். அவர்களில் இப்போது அங்கே வசிப்பவர் இவர் ஒருவர்தான்.

விஷயம் புரிந்ததும், "இந்த வயதில் எனக்கு ஓர் அம்மா கிடைத்தாரே" என்று பெரியவர் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். மகன் அப்போதுதான் அழைத்தான். "என்னம்மா இத்தனை மிஸ்ட் கால்? நல்லாத்தான் இருக்கேன் லா."

டாக்டர் வந்தார். பெரியவர் படியில் எப்படி விழுந்தார், எழ முயன்றவரை ஏன் எழவிடவில்லை, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மகள் மலாயில் நிதானமாகச் சொன்னாள். அவள் குரலில் நடுக்கமே இல்லை. இவளுக்காகவா இத்தனை நாள் பயந்தேன்?

பெரியவரை அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் மகள் என்னிடம், "வந்ததே வந்தீங்க, என்னையும் கையோட கூட்டிட்டுப் போகப் போறீங்களா?" என்றாள்.

"பிரதரை யார் பாத்துக்கிறது?"

"நாங்கதான். முறை போட்டு."

"அப்ப ரெண்டு பேரும் காடில ஏறுங்க. காலேஜ்ல விட்டுட்டு நான் வீட்டுக்குப் போறேன்."