பன்னிரண்டு என்று சொன்ன அட்டவணை

ஒரு டார்பிடோவை ஒரு முறைதான் சுட முடியும். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் இருபத்துநான்கு வயதில் எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. இருப்பதையெல்லாம் சுட்டுவிட்டு நீர்மூழ்கிக் கப்பல் துறைமுகம் திரும்பும்போது கிடங்கில் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவ்வளவு பெரிய கப்பல் இருந்தும் பயனில்லை. போர் வந்தால் வாரத்துக்கு எத்தனை செய்து தர முடியும் என்று கடற்படை புனே பக்கம் சிஞ்ச்வட்டில் ஒரு தொழிற்சாலையைக் கேட்டிருந்தது. டார்பிடோவின் அலுமினிய வெளியுறையைச் செய்கிற தொழிற்சாலை அது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். கராடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். எந்த வேலை எந்த இயந்திரத்தில் எப்போது என்று அட்டவணை போடும் நிரலை அந்தத் தொழிற்சாலைக்காக எழுதியவன் நான். சிவாஜிநகர் வரை பஸ், பிறகு லோக்கல் ரயில். வழியெல்லாம் கடற்போர்களைப் பற்றிப் படித்துக்கொண்டே போவேன். என் நிரல் பன்னிரண்டு என்றது. செய்து காட்டுங்கள் என்றது கடற்படை. ஒரு வாரம் அவர்களுடைய அதிகாரி ஒருவர் கூடவே நின்று பார்ப்பார். திருப்தியானால் பெரிய ஆர்டர் வரும். இல்லையென்றால் வழக்கம்போல வெளிநாட்டில் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள்.

உற்பத்தித் திட்டத்தைக் கவனித்தவர் என்னைவிட ஆறேழு வயது மூத்த பெண். மூன்று தலைமுறையாகக் கட்கியில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஹிந்தி கலக்காமல் அவருக்குத் தமிழ் வராது, கேலி கலக்காமல் எதுவுமே வராது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

திங்கட்கிழமை தொடங்கினோம். புதன் மதியம் என் அட்டவணையோடு வந்து நின்றார்.

"தம்பி, நாளைக்கு ஆறு உறை அனோடைசிங் போகுதுன்னு போட்டிருக்கே. அங்க பிஜ்லி யாரு குடுப்பா, உன் கம்ப்யூட்டரா?"

"நம்ம ஜெனரேட்டர் இருக்கே, அக்கா."

"நம்ம ஜெனரேட்டர் நம்ம கேட்டுக்குள்ள. சேட்டுக்கு நாளைக்கு குருவார். சுட்டி. வீட்டம்மாவோட சினிமா போவாரு."

அந்தப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு வியாழன்தோறும் மின்வெட்டு, அதனால் வியாழன்தான் வார விடுமுறை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிற தைரியத்தில் வியாழனை வேலைநாள் என்று குறித்துவிட்டேன். உறைகளை அமிலத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, உப்புநீர் அரிக்காதபடி கெட்டியான மேல்தோல் ஏற்றித் தருகிற சேட்டின் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

அவருடைய ஸ்கூட்டரில் போசரி முழுக்க ஜெனரேட்டர் தேடி அலைந்தோம். கடைசியில் கல்யாணங்களுக்கு சீரியல் விளக்குப் போடுகிற ஒருவர் கிடைத்தார். மூன்று கல்யாணங்களை ஒரே நேரத்தில் எரிய வைத்த ஜெனரேட்டர் என்றார் பெருமையாக. சினிமா டிக்கெட்டை யாருக்கோ கொடுத்துவிட்டு சேட்டும் வந்து பட்டறையைத் திறந்தார்.

வியாழன் காலையில் தொட்டியில் மின்சாரம் ஏற ஏற மீட்டர் முள் நடுங்கியது. நல்ல உறையை இறக்க அக்கா சம்மதிக்கவில்லை. ஏற்கெனவே கழித்துப்போட்ட ஒன்றை இறக்கச் சொன்னார். வெளியே எடுத்ததும் ஆறு இடத்தில் கருவி வைத்துத் தடிமனை அளந்தார். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

"பார்க்க நல்லாத்தானே இருக்கு, அக்கா?"

"பார்க்க மட்டும்னா உன் வீட்டு ஷோகேஸ்ல வை. இதைச் சுடுறவனுக்கு நம்ம குருவார் பத்தித் தெரியாது."

ஆறு உறைகளை ஏற்றி வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினார். ஞாயிறு மாலை ஒன்பது உறைகள்தான் முடிந்திருந்தன. பன்னிரண்டு என்று போட்டது யார் என்று அதிகாரி ஹிந்தியில் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் திட்டவில்லை. "புதன்கிழமைக்குள் உங்கள் எண்ணை எழுதி அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு உடனே யோசனை பிறந்துவிட்டது. சேட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்தால் பன்னிரண்டு. அப்படியே எழுதிவிடலாம்.

"முதல்ல உன் கம்ப்யூட்டருக்கு வேற என்னென்ன தெரியாதுன்னு பாரு" என்றார் அக்கா.

இரண்டு நாள் போனும் கையுமாக, எங்களுக்கு வேலை செய்து தரும் அத்தனை பட்டறைகளையும் கூப்பிட்டேன். என் மராத்தியைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள், ஆனால் எல்லோரும் பதில் சொன்னார்கள். வார்ப்புப் பட்டறை கணபதியைக் கரைக்கும் நாளில் திறக்காது. பெயிண்ட் அடிப்பவர்கள் ஆடி ஏகாதசிக்குப் பண்டரிபுரம் போகிறவர்கள். மொத்தக் கூட்டமும் மூன்று வாரம் நடைதான்.

"சண்டை வந்தாலும் போவீங்களா?" என்று கேட்டேன்.

"போவோம். போயிட்டு வந்து தூங்காம முடிச்சுக் குடுப்போம்" என்றார் போனில் பேசியவர், சற்றும் யோசிக்காமல்.

ஒவ்வொரு பட்டறைக்கும் தனி நாட்காட்டி போட்டேன். சேட்டுக்கு ஜெனரேட்டரையும் சேர்த்தேன். ஆண்டு முழுக்கச் சராசரி பார்த்தால் வாரத்துக்கு எட்டு என்றது நிரல். எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா முகத்தில் முதன்முறையாகத் திருப்தி.

"எட்டுன்னா ஆர்டர் போயிடுமே, அக்கா."

"போனா போகட்டும். பன்னிரண்டுன்னு எழுதி எட்டு குடுத்தா, அந்த நாலை நம்பி ஒருத்தன் கடலுக்குப் போயிருப்பான்."

முதலாளியின் அறைக்கு அவரே போனார். அரை மணி நேரம் கதவு திறக்கவில்லை. உள்ளே என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது கையெழுத்தான தாள் அவர் கையில் இருந்தது, எட்டு என்ற எண்ணோடு. எந்தெந்தப் பட்டறை எந்தெந்த நாள் மூடும் என்ற என் பட்டியலும் பின்னால் குத்தப்பட்டிருந்தது. பண்டரிபுர நடை உட்பட.

இரண்டு மாதம் பதிலே இல்லை. அக்கா வழக்கம்போல எல்லோரையும் கேலி செய்துகொண்டிருந்தார், ஆனால் தபால் வரும் நேரத்தில் மட்டும் தன் மேசையை விட்டு நகரமாட்டார்.

கடைசியில் கடிதம் வந்தது. போர்க்காலத் தேவை வாரத்துக்குப் பன்னிரண்டு. அதில் எட்டு எங்களுக்கு. மீதி நாலுக்கு வேறொரு ஊரில் இன்னொரு தொழிற்சாலையை இப்போதே தயார் செய்யப்போகிறார்கள்.

அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். எட்டு என்று எழுத்திலும் இருந்தது, இலக்கத்திலும் இருந்தது.