பிரித்த கூரைக்கு ஒரு கீற்று

போன வாரம் ஒரு காலைப்பொழுதில் அரியலூரில் மகன் வீட்டு மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். மருமகள் செல்போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். கையெல்லாம் மாவு. ஊரிலிருந்து தங்கராசு பேசினார்.

"டீச்சர், நம்ம கலியபெருமாள் அண்ணன் போயிட்டாருங்க. காலையில கடையைத் திறந்து பெஞ்சை எடுத்துப் போட்டிருக்காரு. உக்காந்த மேனிக்கு அதுலயே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அப்புறம் தங்கராசு சொன்னார்: "இந்த வருசத்துக் கீத்து இன்னும் முழுசா சேரலைங்க டீச்சர்." அதைச் சொல்லும்போதுதான் அந்த மனிதர் அழுதார்.

இதென்ன, சாவுச் செய்தியோடு கீற்றுக் கணக்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் தா.பழூர் பக்கம், வாய்க்கால் பாசன நெல் ஊர். தென்னைக்குக் குறைவில்லை. அதனால் பத்து வருஷத்துக்கு முன்புவரை கூரை வீடுகள்தான் அதிகம். கலியபெருமாள் அண்ணன் பஸ் நிற்குமிடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். ஒல்லியான ஆள். சத்தம் போட்டுப் பேச வராது. ஆனால் பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். ஊருக்கெல்லாம் "சத்துணவு டீச்சர்". அண்ணன் வீட்டுக்கு எதிர்வரிசையில் எங்கள் வீடு.

தொண்ணூற்றாறாம் வருஷம் சித்திரையில் எங்கள் தெரு எரிந்தது. பட்டப்பகல். யார் வீட்டு அடுப்பிலிருந்து பொறி பறந்தது என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வரும்போது என் வீட்டுக் கூரை உள்ளே விழுந்துவிட்டது. என் கல்யாணப் பெட்டி, கட்டிய புருஷனின் ஒரே போட்டோ, எல்லாம் அதற்குள்ளே. தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினேன். வேறு என்ன செய்வது.

தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வர வேண்டும். யாரைக் குறை சொல்ல, தூரம் அப்படி. தீ அண்ணன் வரிசைக்குத் தாவியது. கூரை வீட்டில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்: எரிகிற வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கூரையைப் பிரித்து எறிந்து இடைவெளி விட்டால் தீ அங்கே நின்றுவிடும். தெரியும்தான். ஆனால் எந்த மகராசன் தன் கூரையைத் தானே பிரிப்பான்? நம் வீட்டைத் தாண்டிப் போய்விடாதா, காற்று திரும்பிவிடாதா என்று எல்லோரும் கடைசிவரை சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் எல்லாம் எரியும்.

அன்று கலியபெருமாள் அண்ணன் யாரையும் கேட்கவில்லை. தன் வீட்டு முகட்டில் ஏறி, கயிற்றுக் கட்டுகளை அறுத்து, கீற்றை வாரி வாரி வாசலில் எறிந்தார்கள். அஞ்சலை அண்ணி, அவர்கள் சம்சாரம், கீழே நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள். "பாவி மனுசா, எரியாத வூட்டை ஏன்யா பிரிக்கிற?" என்று அவர்கள் கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. எறிந்த கீற்றைப் பையன்கள் இழுத்துப்போய்க் குளத்தில் போட்டார்கள். தீ அண்ணனுடைய மொட்டைச் சுவரோடு நின்றது. அதற்கு அப்பால் அந்த வரிசையில் இருந்த வீடெல்லாம் தப்பியது.

இரண்டு நாளில் தாலுகா ஆபீசிலிருந்து கணக்கெடுக்க வந்தார்கள். எரிந்த வீட்டுக்காரர்களுக்கு அரிசி, வேட்டி, சேலை, கொஞ்சம் பணம், அதோடு மண்ணெண்ணெய். ஆமாம், தீயில் வெந்தவர்களுக்கு மண்ணெண்ணெய். அந்தத் துக்கத்திலும் நாங்கள் சிரித்தோம். அண்ணன் வீட்டு முன்னால் வந்தவர் அண்ணாந்து பார்த்தார். "இது எரியலையேங்க. எரியாத வூட்டுக்கு நான் எப்படி எழுதறது?" என்றார். அவர் மேலும் தப்பில்லை. இப்படி ஒரு பைத்தியக்காரர் இருப்பார் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாது.

"சரிங்க, அடுத்த வூட்டைப் பாருங்க" என்றார்கள் அண்ணன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை முறையீடு இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

தப்பித்த வரிசைக்காரர்களுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் ஒரு கிழவி ஒரே ஒரு கீற்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து அண்ணன் வாசலில் போட்டுவிட்டுப் போனாள். பார்த்தவர்கள் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். சாயங்காலத்துக்குள் வாசல் நிறைந்துவிட்டது. அந்த வீடு மறுபடி கூரை கண்டது அப்படித்தான்.

வேறொருவராக இருந்தால் அதோடு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இருந்திருப்பார்கள். அண்ணனுக்கு அது மண்டைக்குள் புகுந்துகொண்டது. அடுத்த பங்குனியில் வீடு வீடாக வந்தார்கள். "வூட்டுக்கு ஒரு கீத்து குடுங்க. சேர்த்து வைப்போம். நாளைக்கு எவன் தீக்கு முன்னால தன் கூரையைப் பிரிக்கிறானோ அவன் வூட்டுக்கு அது. எரிஞ்ச வூட்டுக்கு சர்க்கார் குடுக்குது. பிரிச்ச வூட்டுக்கு நாம குடுக்கணும்." அதுதான் அவர்கள் போட்ட திட்டம். அதற்கு மேல் ஒரு வரி கிடையாது.

முதல் வருஷம் பெரிய கூத்து. கோயில் பின்புறம் தரையிலேயே அடுக்கி வைத்தோம். ஐப்பசியில் போய்ப் பார்த்தால் மேலே நாலு கீற்றுதான் கீற்று; கீழே எல்லாம் கரையான் மண். ஊரே சிரித்தது. "கலியபெருமாள் கரையானுக்கு வூடு கட்டிக் குடுத்தாரு" என்று கடையில் உட்கார்ந்துகொண்டே கேலி பேசினார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்துக்கொண்டு டியூபுக்கு ஒட்டுப் போட்டார்கள். அடுத்த வருஷம் வீடுகளுக்கு எட்டத்தில், ஏரிக்கரைப் புளியமரத்தடியில், கல்கால் நட்டுப் பரண் கட்டினார்கள். பங்குனிதோறும் பழைய கீற்றை ஊரில் ஒழுகுகிற ஏதாவது ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் புதிது அடுக்குவது என்று வைத்தார்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. அங்கேயும் போய்க் கீற்று வாங்கினார்கள். அதை ஒரே பரணில் அடுக்கக்கூடாது, தனியாக வை என்று எங்கள் தெருவில் சிலர் வந்து நின்றார்கள். "தனியா அடுக்குனா கரையான் தனியாத் திங்குமா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் அடுக்குகிற வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரு மாதம் அண்ணன் கடைக்குக் காற்றடிக்கக்கூட ஆள் வரவில்லை. அப்புறம் எல்லோரும் வந்தார்கள். வேறு சைக்கிள் கடை கிடையாதே.

இரண்டாயிரத்து மூன்றில், மழை பொய்த்து ஊரே சருகாகக் கிடந்த கோடையில், மறுபடி தீ வந்தது. இந்தத் தடவை கீழத்தெரு. கடைசி வீடு தங்கராசுவுடையது. மகள் கல்யாணத்துக்காக அப்போதுதான் புதுக்கூரை போட்டிருந்தார். அவர் வீட்டுக்கு அப்பால் வாய்க்கால், அதிலும் தண்ணீர் இல்லை, அதைத் தாண்டினால் காலனிக் குடிசைகள். காற்று நேராக அந்தப் பக்கம்தான் அடித்தது.

தங்கராசு கையில் அரிவாளோடு வாசலில் நின்றார். "என் கூரையில எவனாவது கை வச்சா வெட்டிப்புடுவேன்" என்றார். வெட்டுகிற ஆள் இல்லை அவர். ஆனால் அன்று அவர் முகத்தைப் பார்த்து யாரும் கிட்டப் போகவில்லை. அண்ணன் மட்டும் போனார்கள்.

"நான் கை வைக்க மாட்டேன் தங்கராசு. நீதான் பிரிக்கணும். பிரிச்சீன்னா பொழுது சாயறதுக்குள்ள மறுபடி கூரை மேய்ஞ்சு தரேன்."

"எனக்கு அப்புறம் நம்ம தெருவுல வூடே இல்லையேண்ணே. யாருக்காக நான் பிரிக்கணும்?"

அண்ணன் வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் குடங்களோடு எங்கள் தெருத் தீயை அணைக்க ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"உனக்கு அப்புறமும் வூடு இருக்கு தங்கராசு" என்றார்கள்.

தங்கராசு அந்த அரிவாளாலேயே தன் கூரைக் கட்டுகளை அறுத்தார். புதுக் கீற்று, பச்சை வாடைகூடப் போகாதது. அறுக்கும்போது வாய் ஓயாமல் எங்கள் எல்லோரையும் வைதார். அண்ணன் கீழே நின்று வாங்கி வாங்கி எறிந்தார்கள். தீ அந்தச் சுவரோடு நின்றது. காலனியில் ஒரு ஓலைகூடக் கருகவில்லை.

பரணிலிருந்து கீற்று வண்டியில் வந்தது. வீடு எரிந்தவர்கள் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். "எல்லாம் போயி நாங்க நிக்கிறோம். அவனுக்கு முதல்லயா?" என்று சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். அண்ணன் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. "ஆமாம்ப்பா, அவனுக்குத்தான் முதல்ல. அவனுக்குக் குடுக்கலைன்னா அடுத்த தடவை எவனும் பிரிக்க மாட்டான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தங்கராசு முகட்டில் உட்கார்ந்துகொண்டார். அதுவரை அவர் வாசல் ஏறாத காலனி ஆட்கள் கீழிருந்து கீற்றை எடுத்துக் கொடுத்தார்கள், அவர் வாங்கிக் கட்டினார். பொழுது சாயுமுன் வீடு முடிந்தது. அந்த வீட்டில்தான் வைகாசியில் மகள் கல்யாணம் நடந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே என் வீட்டைக் கான்கிரீட் போட்டுவிட்டேன். அந்தப் பங்குனியில் அண்ணன் வந்து நின்றார்கள். "மாடி கட்டிட்டீங்க டீச்சர். இனிமே உங்க வூடு எரியாது. அதனால உங்களுக்கு ரெண்டு கீத்து."

"இதென்னண்ணே நியாயம், எரியாத வூட்டுக்கு அபராதமா?"

"அபராதம் இல்லீங்க. சித்திரையில பயமில்லாம தூங்கப் போறீங்கல்ல, அதுக்கு."

பாராட்டுவது மட்டும் அஞ்சலி ஆகாது. அஞ்சலை அண்ணி அண்ணனால் பட்ட கஷ்டம் ஏராளம். ஊரில் கடைசியாகப் புதுக்கூரை காண்கிற வீடு அவர்களுடையதுதான். மழையில் பாத்திரம் பாத்திரமாக ஒழுகலுக்கு வைத்துவிட்டு, "ஊரான் கூரையைப் பார்க்கிற மனுசனைக் கட்டிக்கிட்டு நான் குடை பிடிச்சுத்தான் சமைக்கணும்" என்று அண்ணி புலம்பாத ஐப்பசி இல்லை.

செய்தி கேட்ட அன்றைக்கே பஸ் பிடித்துப் போனேன். எங்கள் மாவட்டத்தைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரிக்கப் போவதாகப் பேச்சு. அந்த ரோடு மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இறங்கும்போது உச்சி வெயில். அண்ணனை வாசலில் கிடத்தியிருந்தார்கள். தலைக்கு மேல் நிழல் இல்லை. சுற்றி நின்றவர்கள் மேலெல்லாம் வேர்வை.

பந்தல் போடக் கீற்று வேண்டுமென்று இளவட்டங்கள் பரணுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். தங்கராசு வழியில் நின்றுகொண்டார். "அது பந்தலுக்கு உள்ளது இல்லைடா. சித்திரை மாசம். இன்னைக்கு ராத்திரி தீப்பிடிச்சா எதை வச்சு ஒருத்தனைப் பிரிக்கச் சொல்லுவ?" என்றாராம். ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். ஊருக்கே கூரை சேர்த்த மனிதருக்கு ஒரு நிழல் இல்லையா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நானே நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன்.

தலைமாட்டில் இருந்த அஞ்சலை அண்ணி நிமிர்ந்தார்கள். "தங்கராசு சொல்றதுதான் சரி. எடுக்க வேணாம். வெயில்ல கிடந்தா அவருக்கு இனிமே ஒண்ணும் ஆகாது" என்றார்கள்.

காலனியிலிருந்து பெண்கள் பழைய சேலைகளை எடுத்துவந்தார்கள். தங்கராசு ஒரு முனையைப் பிடித்தார், நான் ஒரு முனையைப் பிடித்தேன். எடுக்கிறவரை மாற்றி மாற்றி ஆட்கள் சேலை பிடித்து நின்றோம்.

எங்கள் பக்கம் எரிக்கிறதுதான் வழக்கம். ஆனால் "என்னைப் புதைச்சுடுங்க. கோடையில போனா பொறி பறக்கும்" என்று அண்ணியிடம் எப்போதோ சொல்லியிருந்தார்களாம். பங்காளிகள் முணுமுணுத்தார்கள். அண்ணி விட்டுக்கொடுக்கவில்லை. புதைத்தார்கள்.

ஆண்கள் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, நாங்கள் தலை முழுகிவிட்டு வந்தோம். கொல்லைத் தொட்டியில் நீளவாக்கில் பிளந்த தென்னை மட்டை ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. முதல் நாள் பொழுதுசாய அண்ணன் ஊறப்போட்டது. "நம்ம வூட்டுக் கீத்து இன்னும் போடலை, நாளைக்குப் பின்னிடறேன்னாரு டீச்சர்" என்ற அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அப்புறம் ஈரத் தலையோடு உட்கார்ந்து மட்டையை மடிமேல் இழுத்துப்போட்டுப் பின்ன ஆரம்பித்தார்கள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அழுதுகொண்டேதான் இரண்டு பேரும் பின்னினோம்.

அண்ணி வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாத நேரம். அதனால் நான்தான் ஏரிக்கரைக்கு எடுத்துப்போனேன். ஈரக் கீற்று, முந்தானையெல்லாம் நனைந்தது. பரணில் எல்லாவற்றுக்கும் மேலே அதை வைத்தேன். தங்கராசுவின் மரத்து மட்டையில் என் பங்குக்கு இரண்டு பின்னி வைத்துவிட்டுத்தான் மறுநாள் பஸ் ஏறினேன்.

போய் வாருங்கள் அண்ணே. உங்கள் வீட்டுக் கீற்று சேர்ந்துவிட்டது.